வெள்ளம் வந்து போகும் வீடு

போன வாரம் பார்த்த கவிஞர் மரியான் மூர், 1968இல் நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் பேஸ்பால் பருவத்தின் முதல் பந்தை எறிந்தவர். அவ்வளவு பிரபலம். அதே ஆண்டு லண்டனில் இன்னொரு அமெரிக்கக் கவிஞரின் புத்தகம் வெளியானது. அவர் கவிதை எழுதுவதே ஊரில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. அவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

பெயர் லோரின் நீடெக்கர். 1903இல் பிறந்தார், விஸ்கான்சின் மாநிலத்து ஃபோர்ட் அட்கின்சனை அடுத்த பிளாக்ஹாக் தீவில் வளர்ந்தார். பேர்தான் தீவு. ராக் ஆறு காஷ்கொனாங் ஏரியில் சேரும் இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் தாழ்ந்த நிலம் அது. ஆறு பெருகினால் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடும். அப்பா கெண்டை மீன் பிடித்து விற்றவர். அம்மாவுக்குக் காது கேட்காது. கல்லூரிக்குப் போன மகள், அம்மாவைப் பார்த்துக்கொள்ள இரண்டே வருடத்தில் படிப்பை விட்டுத் திரும்பினார்.

1931 பிப்ரவரி 'பொயட்ரி' இதழை நியூயார்க் கவிஞர் லூயி ஸுகோஃப்ஸ்கி தொகுத்திருந்தார். அதைப் படித்துவிட்டு லோரின் அவருக்குக் கடிதம் எழுதினார். கடிதப் போக்குவரத்து பல பத்தாண்டுகள் நீண்டது. இதை வைத்து அவரை ஸுகோஃப்ஸ்கியின் சிஷ்யை என்று எழுதிவிட்டவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் கவிதைகளில் கேட்கும், அம்மாவும் ஆற்றங்கரைக்காரர்களும் பேசிய பேச்சை நியூயார்க்கிலிருந்து யார் கற்றுத் தந்திருக்க முடியும்?

பிழைப்புக்கு நூலகத்தில் உதவியாளர், பால்பண்ணை இதழ் ஒன்றில் பிழைதிருத்துபவர் என்று வேலை பார்த்தார். பார்வை மங்க, பிழைதிருத்தும் வேலை போயிற்று. 1957 முதல் ஆறு வருடம் ஊர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை, தரை துடைப்பது உட்பட. முதல் புத்தகம் வந்தது 1946இல். அடுத்தது பதினைந்து வருடம் கழித்து, எடின்பரோவில். அது வந்தபோதும் அவர் கையில் துடைப்பம்தான்.

கவிதைகள் சிறியவை, சில நாலைந்து வரிதான். கவிதை எழுதுவதைப் பாலைச் சுண்டவைக்கும் ஆலையில் பார்க்கும் வேலையாக ஒரு கவிதையில் சொன்னார். அந்த ஆலையில் ஆட்குறைப்பு கிடையாதாம். பால்பண்ணைச் சீமைக்காரருக்கு வேறென்ன உவமை தோன்றும்! அப்படித்தான் எழுதவும் செய்தார். 1963இல் பெயின்டர் வேலை பார்த்த ஆல் மில்லனை மணந்தார். 1966இல் இருவரும் காரில் சுப்பீரியர் ஏரியைச் சுற்றிவந்தார்கள். பாறை, தாது, அங்கே முதலில் வந்த பிரெஞ்சுக்காரர்கள் என்று நூற்றுக்கணக்கான பக்கங்களுக்குக் குறிப்பெடுத்தார். கடைசியில் நின்ற கவிதை சில பக்கங்களே. அந்த லண்டன் புத்தகத்தில் அதுவும் இருக்கிறது.

1970 நவம்பரில் சிட் கார்மன் என்ற கவிஞர், கடிதத்தில் மட்டுமே பழகியவர், டேப் ரெக்கார்டரோடு வீடு தேடி வந்தார். லோரின் வாசித்தார். அவர் குரலில் நமக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு பதிவுதான். டிசம்பர் 31இல் காலமானார்.

(தொடரும்)