தூரமும் பயண நேரமும்: பலாலி விமானமும் நெடுந்தீவுப் படகும்

இரு விமான நிலையங்களுக்கு இடைப்பட்ட தூரத்தைத் தேசப்படம் இன்றியும் காணலாம். இரண்டும் ஏறக்குறைய ஒரே நெடுங்கோட்டில் அமைந்திருந்தால் அகலக்கோட்டு வித்தியாசமே போதுமானது. அகலக்கோட்டில் 1 பாகை என்பது 60 கலைகள். ஒரு கலை ஏறக்குறைய ஒரு கடல் மைல், அதாவது 1.852 கி.மீ. ஆகும்.

இரத்மலானை வட அகலக்கோடு 6° 49′ இலும் பலாலி 9° 47′ இலும் உள்ளன. வித்தியாசம் 2° 58′, அதாவது 178 கலைகள்.

178 × 1.852 = 330 கி.மீ. (அண்ணளவாக)

சென்னை விமான நிலையம் 12° 59′ இல் உள்ளது. பலாலியிலிருந்து 192 கலைகள்; ஆகவே சுமார் 355 கி.மீ. யாழ்ப்பாணத்தவருக்குச் சென்னையும் கொழும்பும் ஆகாய வழியில் ஏறக்குறைய சம தூரம் என்பதைக் கவனிக்குக. 1947 டிசம்பர் 10 இல் எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து சென்னைக்குச் செல்லும் வழியில் காங்கேசன்துறையில், அதாவது பலாலித் தளத்தில், தரித்துச் சென்றது. இடைவழித் தரிப்புக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

அவ்விமானம் டக்கோட்டா வகையைச் சேர்ந்தது. அதன் கதி மணிக்கு 270 கி.மீ. எனக் கொண்டால், இரத்மலானையிலிருந்து பலாலிக்கு 330 ÷ 270 = 1.22 மணித்தியாலம். இதனை 1 மணி 22 நிமிடம் என எழுதிப் புள்ளி இழப்போர் பலர். 0.22 × 60 = 13 நிமிடம்; எனவே விடை 1 மணி 13 நிமிடம்.

2019 நவம்பரில் பலாலி–சென்னை சேவை ஏரீஆர் 72 விமானத்துடன் ஆரம்பமாகியது. 2020 மார்ச்சில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. மணிக்கு 500 கி.மீ. கதியில் 355 கி.மீ. செல்ல 43 நிமிடம் போதும். ஆனால் கால அட்டவணையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் காணப்படும். ஓடுபாதைக்குச் செல்லுதல், மேலெழுதல், இறங்குதல் ஆகியவற்றின்போது விமானம் அந்தக் கதியில் செல்வதில்லை. எதிர்க்காற்றும் நேரத்தைக் கூட்டும். கணிப்பில் வருவது பறப்பு நேரத்தின் மிகக் குறைந்த அளவே.

இனி, அந்த விமானத்தைப் பிடிக்க நெடுந்தீவிலிருந்து வரும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பலாலி நேர்கோட்டில் சுமார் 50 கி.மீ. தான். அவரோ குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் படகில் வந்து, பஸ் ஏறி, புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணம் சென்று, அங்கிருந்து பலாலிக்குப் போகவேண்டும். காத்திருப்பும் சேர்த்து 3.5 மணித்தியாலம், பாதையின் நீளம் 63 கி.மீ. எனக் கொள்வோம்.

சராசரிக் கதி = 63 ÷ 3.5 = மணிக்கு 18 கி.மீ.
சராசரி வேகத்தின் பருமன் = 50 ÷ 3.5 = மணிக்கு 14.3 கி.மீ.

முன்னையதற்குப் பாதையின் நீளமும் பின்னையதற்கு இடப்பெயர்ச்சியும் பயன்படுகின்றன. இரண்டையும் மாற்றிப் போடுவதே பரீட்சையில் அடிக்கடி காணப்படும் பிழை. தீவிலிருந்து யாழ்ப்பாண வைத்தியசாலைக்கு நோயாளியைக் கொண்டுவருவோருக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. கடல் கொந்தளித்துப் படகு நிற்கும் நாளில் பாதையின் நீளம் மாறுவதில்லை. நேரம் மட்டும் ஒரு நாளாகவும் கூடலாம்.

பயிற்சி: படகு 2 மணித்தியாலம் தாமதித்தால் மேற்கூறிய இரு விடைகளும் எவ்வாறு மாறும்? ஊர்காவற்றுறையிலிருந்து எதிரே தெரியும் காரைநகருக்குக் கடற்பாதையில் செல்பவருக்கும் யாழ்ப்பாணம் சுற்றிச் செல்பவருக்கும் எக்கணியம் சமனாகும்?

விடை: 11.5, 9.1 (மணிக்கு கி.மீ.); இடப்பெயர்ச்சி.