ஈர்க்குச்சிக் கட்டும் இட்லி மாவும்

ஒன்றாம் வகுப்பில் பத்துகளும் ஒன்றுகளும் நடக்கிற நாளில் தரை முழுக்க ஈர்க்குச்சி கிடக்கும். கூடவே ரப்பர் பேண்ட், புளியங்கொட்டை, யாரோ கழற்றிப் போட்ட ஒரு பெல்ட். வாசலில் நின்று எட்டிப் பார்க்கிற பெற்றோருக்கு, "பாடத்தை எப்போது ஆரம்பிப்பார்கள்?" என்றுதான் தோன்றும். பாடம் நடந்துகொண்டிருக்கிறது என்பதே பதில். ஆனாலும் அந்தச் சந்தேகத்தில் பாதி நியாயம் உண்டு. குச்சியைக் கையில் கொடுத்துவிட்டால் மட்டும் கணக்கு வந்துவிடாது. கையில் இருக்கிற குச்சி மனதில் எண்ணாக மாற ஒரு வரிசை இருக்கிறது. வீட்டில் இட்லிக்கு மாவு அரைத்தவர்களுக்கு அந்த வரிசையை விளக்குவது சுலபம்.

நாம் பார்க்கப்போகும் செயல்பாடு சின்னது. 23 குச்சிகள். பத்துப் பத்தாகக் கட்டுப் போட வேண்டும், மிச்சத்தை எண்ண வேண்டும், 23 என்று எழுத வேண்டும். பெரியவர்களுக்கு அரை நிமிட வேலை. ஆறு வயதுக் குழந்தைக்கு இதற்கு ஒரு வாரம் பத்தாது. அப்படியும் இதில் அவசரப்பட்டால், கடன் வாங்கிக் கழிக்கும் வகுப்பில் பிள்ளை திருதிருவென்று விழிக்கும்.

ஊறல்

அரிசியைத் தனியாகவும் உளுந்தைத் தனியாகவும் ஊறப்போடுகிறோம். இரண்டுக்கும் வேண்டிய நேரம் வேறு, அரைக்கும் பதமும் வேறு.

எண்ணிலும் அப்படி இரண்டு சரக்கு இருக்கிறது. ஒன்று, எண்ணின் பெயர்களை வரிசை மாறாமல் சொல்வது. மற்றது, பொருளை எண்ணி அளவை அறிவது. ஒன்று முதல் நூறு வரை பாட்டுப்போல ஒப்பிக்கிற பிள்ளையிடம் பன்னிரண்டு புளியங்கொட்டையைக் கொடுத்து எண்ணச் சொல்லிப் பாருங்கள். வாய் முன்னே ஓடும், விரல் பின்னே வரும். ஒரு கொட்டையை இரண்டு தரம் எண்ணும், இன்னொன்றைத் தாண்டிப் போகும். எண்ணி முடித்ததும் "மொத்தம் எத்தனை?" என்று கேட்டால், பதில் சொல்லாமல் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும் பிள்ளைகள் உண்டு. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அவர்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. ரோச்செல் கெல்மன், ராண்டி கேலிஸ்டல் என்ற இரு உளவியலாளர்கள் 1978-இல் எழுதிய நூலில் எண்ணுவதற்குள் ஒளிந்திருக்கும் விதிகளைப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஒரே பெயர், பெயர்களின் வரிசை மாறாது, கடைசி எண்ணே அளவு என்பவை அதில் முதல் மூன்று.

சுவிட்சர்லாந்தின் ஜீன் பியாஜே காட்டிய சோதனை இன்னும் வேடிக்கையானது. இரண்டு வரிசைகளில் சம எண்ணிக்கையில் காசுகளை நேருக்கு நேர் வைக்கிறோம். இரண்டும் சமம் என்று பிள்ளை ஒப்புக்கொள்கிறது. அதன் கண் முன்னாலேயே ஒரு வரிசையை மட்டும் அகலப் பரப்புகிறோம். இப்போது கேட்டால், நீளமான வரிசையில்தான் காசு அதிகம் என்று அடித்துச் சொல்லும். ஒன்றாம் வகுப்பில் இப்படிச் சொல்லும் பிள்ளையும், "யாரும் சேர்க்கலையே, அதேதான்" என்று சொல்லும் பிள்ளையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். முதல் பிள்ளைக்கு உளுந்து இன்னும் ஊறவில்லை, அவ்வளவுதான். கட்டுப் போட்டதும் குச்சிகள் குறைந்துவிட்டன என்று அது நினைத்தாலும் வியப்பில்லை.

ஊறல் என்பதில் விளையாட்டும் சேரும். புதுப் பொருள் கைக்கு வந்ததும் பிள்ளை அதை அடுக்கும், வீடு கட்டும், வாள் சண்டை போடும். அனுபவமுள்ள ஆசிரியர் முதல் நாள் அதற்கு விட்டுவிடுவார். விடாதவருக்கு அதே வாள் சண்டை பாடத்தின் நடுவில் வரும். (கொட்டையும் மணியும் மூக்குக்குள் போகும் வயது இது. அதனால் கொஞ்சம் பெரிய பொருளாக எடுப்பது நல்லது.)

அரைப்பு

உளுந்து அரைக்கும்போது தண்ணீரை ஒரேயடியாக ஊற்ற மாட்டோம். கை நனைத்துத் தெளித்துத் தெளித்து அரைத்தால்தான் மாவு பொங்கி வரும். மொத்தமாக ஊற்றினால் நீர்த்துப் போகும். வகுப்பில் அந்தத் தண்ணீர், ஆசிரியரின் பேச்சு. "பத்து எண்ணு, ரப்பர் போடு, இடது பக்கம் வை, மிச்சத்தை வலது பக்கம் வை" என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டால், பிள்ளை சொன்னதைச் செய்யும். கை வேலை செய்திருக்கும், தலைக்கு வேலை இருந்திருக்காது. இருவருக்கு ஒரு குவியல் கொடுத்து, "இதைப் பார்த்ததும் எத்தனை என்று சட்டென்று சொல்கிற மாதிரி எப்படி வைக்கலாம்?" என்று கேட்டுவிட்டு ஒதுங்கி நிற்பது தெளிக்கிற பதம். சிலர் இரண்டிரண்டாக வைப்பார்கள், சிலர் ஐந்தைந்தாக. வைக்கட்டும். எல்லோரும் பத்தாகக் கட்டினால் ஒருவர் குவியலை மற்றவர் பார்த்ததும் புரியும் என்பதைப் பேசிப் பேசித்தான் வர வேண்டும்.

ஒரு கட்டில் ஒன்பது, இன்னொன்றில் பதினொன்று என்று தவறாமல் வரும். உடனே திருத்திக் கொடுப்பது பெரியவர்களின் கை அரிப்பு. பக்கத்துப் பிள்ளையை அவிழ்த்து எண்ணச் சொன்னால் போதும். அவிழ்ப்பது கட்டுவதைவிட முக்கியமான வேலை. பத்து ஒன்றுகள் ஒரு பத்து ஆகின, அந்த ஒரு பத்து மறுபடி பத்து ஒன்றுகள் ஆகின, எங்கும் எதுவும் தொலையவில்லை என்பதைக் கை இரண்டு வழியிலும் பார்த்துவிடுகிறது.

இந்த இடத்தில் பொருளின் தேர்வு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். மரியா மாண்டிசோரி வகுத்த தங்க நிற மணிகளைச் சில பள்ளிகளில் பார்க்கலாம். தனி மணி ஒன்று, கம்பியில் கோத்த பத்து, பத்துக் கம்பி சேர்ந்த நூறின் சதுரம், அப்புறம் ஆயிரத்தின் கனசதுரம். 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்த மாண்டிசோரி, போரினால் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவில் தங்கினார். அதில் சில காலம் கொடைக்கானலில். அவருடைய மணிகள் அழகானவை, நூறும் ஆயிரமும் எவ்வளவு பெரியவை என்று கண்ணுக்குக் காட்ட அவற்றை மிஞ்ச ஒன்றில்லை. ஆனால் கம்பியில் கோத்த பத்தைப் பிள்ளை பிரிக்க முடியாது. அது ஏற்கெனவே யாரோ கட்டிவைத்த பத்து. கட்டவும் அவிழ்க்கவும் முடிகிற ஈர்க்குச்சி முதலில் வரட்டும், கோத்த மணி அதற்குப் பிறகு வரட்டும் என்பதே என் கட்சி. விலையும் ஒரு காரணம் என்று மறைக்காமல் சொல்கிறேன்.

புளிப்பு

அரைத்த மாவில் உப்புப் போட்டுக் கையால் கலந்து மூடிவைத்த பிறகு நாம் செய்ய எதுவுமில்லை. உள்ளே நுண்ணுயிர்கள் வேலை பார்க்கும், வாயு கிளம்பும், உளுந்து அந்த வாயுவைப் பிடித்துவைக்க மாவு உப்பும். சென்னையில் ஓர் இரவு போதும், ஊட்டிக் குளிரில் போதாது. அவசரப்பட்டு ஊற்றினால் இட்லி கல்லாகத்தான் வரும்.

செயல்பாட்டு வகுப்புகள் தோற்கும் இடம் இதுதான். குச்சி கட்டியாயிற்று, கைதட்டியாயிற்று, மறுநாள் அடுத்த பாடம். புளிக்க நேரமே இல்லை. வகுப்பில் புளிக்க வைப்பது என்றால், அதே கருத்து வேறு வேறு பொருளில் சில நாள் திரும்ப வருவது. இன்று குச்சி, நாளை மணிச்சரம், மறுநாள் ஒரு ரூபாய்க் காசும் பத்து ரூபாய் நோட்டும். அப்புறம் படம். கட்டுக்கு ஒரு கோடு, தனிக் குச்சிக்கு ஒரு புள்ளி. அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1966-இல் எழுதிய நூலில், அறிவை மனிதர் செயலாகவும் படமாகவும் குறியீடாகவும் பிடித்துவைக்கிறார்கள் என்றார். நடுவில் இருக்கும் அந்தப் படத்தைத்தான் பலரும் தாண்டிக் குதிக்கிறார்கள். கூடவே பேச்சு வேண்டும். "நீ எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று கேட்டுவிட்டு, பிள்ளை யோசிக்கிற அந்தச் சில நொடி வாயை மூடிக்கொண்டிருப்பது, பயிற்சி பெற்ற ஆசிரியருக்கே சிரமமான காரியம்.

எல்லாப் பிள்ளைக்கும் ஒரே இரவில் புளிக்காது என்பதைத் தமிழ்நாடு ஒரு காலத்தில் முழு ஏற்பாடாகவே செய்து பார்த்தது. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளி உருவாக்கிய முறையைப் பார்த்து, 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் முன்நின்றார். பிறகு அவர் அனைவருக்கும் கல்வி இயக்கத்துக்குப் பொறுப்பேற்றபோது, 2007 வாக்கில் அது மாநிலம் முழுக்கப் போனது. ஏணிப்படிப் பட்டியல், சின்னம் பொறித்த அட்டைகள், குழுத் தட்டுகள், தரையோடு ஒட்டிய கரும்பலகை, தலைக்கு மேல் பிள்ளைகள் வரைந்ததைத் தொங்கவிடும் கம்பிப் பந்தல். அவரவர் வேகத்தில் அவரவர் படி. ஆசிரியர் உதவி வேண்டியவர் ஒரு குழு, நண்பர் உதவி போதுமானவர் இன்னொரு குழு, தானாகவே செய்பவர் வேறொரு குழு. பாய் போட்டுத் தரையில் ஆசிரியரும் பிள்ளையோடு உட்கார்ந்தார் என்பதே அன்று பெரிய செய்தி.

அந்த ஏற்பாடு நேரத்தைக் கொடுத்தது, பேச்சை எல்லா இடத்திலும் கொடுக்கவில்லை. அட்டையை எடுப்பது, முடிப்பது, அடுத்த அட்டை என்று பல வகுப்புகளில் அது இயந்திரமாகிவிட்டது. மூடியே வைத்திருந்தும், உப்புப் போட்டுக் கலக்காத மாவு. 2022-இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் பிள்ளையின் நிலையறிந்து குழு பிரிக்கிறது, கதைக்கும் பாட்டுக்கும் பொம்மலாட்டத்துக்கும் வகுப்பில் இடம் ஒதுக்குகிறது. பதிவு செய்யும் வேலை கற்பிக்கும் நேரத்தைத் தின்கிறது என்பது ஆசிரியர்கள் சொல்லும் குறை. இரண்டே ஆசிரியர் ஐந்து வகுப்பைப் பார்க்கும் பள்ளியில் அந்தக் குறையை அலட்சியமாக ஒதுக்க முடியாது.

வேக்காடு

இட்லி வேகப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். மாவு சரியாக இருந்தால் இது எளிய கட்டம், எழுதுவதும் அப்படியே. இரண்டு கட்டின் கீழே 20 என்ற அட்டை, தனிக் குச்சிகளின் கீழே 3 என்ற அட்டை. 3-ஐத் தூக்கி 20-இன் பூஜ்ஜியத்தின் மேல் வைத்தால் 23. பூஜ்ஜியம் அடியில் பத்திரமாக இருக்கிறது என்று தூக்கித் தூக்கிப் பார்ப்பதில் பிள்ளைகளுக்கு அலுப்பே வராது.

ஆணிமணிச்சட்டத்தை இதற்கு முன்பே கொண்டுவருவது தவறு என்பேன். அதில் பத்தைக் காட்டும் மணியும் ஒன்றைக் காட்டும் மணியும் ஒரே அளவு. இடம்தான் மதிப்பைச் சொல்கிறது. கட்டு அவிழ்த்துப் பழகிய பிள்ளைக்கு அது புரியும், பழகாத பிள்ளைக்கு அது வெறும் மணி கோக்கிற விளையாட்டு.

வெந்ததா என்று குத்திப் பார்ப்பதற்கும் வழி உண்டு. பியாஜேயின் வழிவந்த கான்ஸ்டன்ஸ் கமீ, பிள்ளைகளிடம் 16 வில்லைகளைக் கொடுத்து, 16 என்று எழுதவைத்து, அதில் உள்ள 6 எவ்வளவு என்று காட்டச் சொன்னார். ஆறை நகர்த்தினார்கள். அந்த 1 எவ்வளவு என்று கேட்டதும், பல பிள்ளைகள் ஒரே ஒரு வில்லையை நகர்த்தினார்கள். மிச்சம் ஒன்பது வில்லை அநாதையாகக் கிடப்பது அவர்களை உறுத்தவே இல்லை. நோட்டில் சரியாக எழுதி, சரி போட்டு வாங்கிய பிள்ளைகளும் இதில் தடுக்கி விழுவார்கள்.

உங்கள் வீட்டில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் இன்று மாலையே பதினான்கு தீக்குச்சிகளை எடுத்து இதைக் கேட்டுப் பாருங்கள். 14-இல் உள்ள 1-க்கு ஒரு குச்சியை மட்டும் காட்டினால் திட்டாதீர்கள், விடையையும் சொல்லிக் கொடுக்காதீர்கள். ஒரு ரப்பர் பேண்டைக் கொடுத்துக் கட்டச் சொல்லுங்கள், அவிழ்க்கச் சொல்லுங்கள். சில நாள் விட்டு மறுபடி கேளுங்கள். அடுத்த முறை பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது, "நோட்டில் ஏன் எதுவும் எழுதலை?" என்ற கேள்வியை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.