நாமே தயாரிக்கும் பூட் பென்டிரைவ்: அடம் பிடித்தால் என்ன செய்வது?

ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒரு பென்டிரைவிலும் இருக்கலாம். பென்டிரைவைச் செருகி கம்ப்யூட்டரை ஆன் செய்தால், ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலேயே டெஸ்க்டாப் வந்து நிற்கும். இதை லைவ் சிஸ்டம் என்பார்கள். 2000ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த கிளாஸ் நாப்பர் வெளியிட்ட நாப்பிக்ஸ் சிடி இந்த முறையைப் பரவலாக்கியது. இன்று சிடி போய் பென்டிரைவ் வந்துவிட்டது. வேலை செய்யும் விதம் அதேதான்.

இப்போது இதற்கு ஒரு புதிய தேவை வந்திருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 சிப் பல பழைய கம்ப்யூட்டர்களில் இல்லை. வீட்டில் இப்படி ஒரு பழைய மெஷினும் புதிதாக வாங்கிய ஒன்றும் இருப்பவர்கள், இரண்டுக்கும் பயன்படும் ஒரு பூட் பென்டிரைவைத் தாங்களே தயாரித்து வைத்துக்கொள்வது நல்லது. தமிழ்99 கீபோர்டு, பாட்டு கேட்கும் சாப்ட்வேர், அழிந்த போட்டோவை மீட்கும் சாப்ட்வேர் என்று நமக்கு வேண்டியதை எல்லாம் அதில் முன்கூட்டியே சேர்த்துவிடலாம்.

இதற்கு நான் பயன்படுத்துவது கியூபிக் என்னும் இலவச சாப்ட்வேர். உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட் உள்ள கம்ப்யூட்டரில் இது இயங்கும். மின்ட் 22 எக்ஸ்எப்சிஇ ஐஎஸ்ஓ பைலை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த 22 வரிசை 2024 ஜூலையில் வந்தது, 2029 வரை அப்டேட் கிடைக்கும். 2 ஜிபி ராம் இருந்தால் ஓடும், 4 ஜிபி இருந்தால் நிம்மதி. கியூபிக் அந்த ஐஎஸ்ஓவைப் பிரித்து, உள்ளே இருக்கும் சிஸ்டத்துக்குள் ஒரு டெர்மினலைத் திறந்து தரும். அங்கே வேண்டியதை இன்ஸ்டால் செய்து நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று போனால் கடைசியில் உங்கள் சொந்த ஐஎஸ்ஓ கிடைக்கும். படிக்க எளிதாக இருக்கிறதல்லவா? பிரச்சினைகள் இங்கேதான் ஆரம்பிக்கின்றன.

முதல் பிரச்சினை இடம். ஐஎஸ்ஓ 3 ஜிபிதானே என்று 5 ஜிபி காலியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பாதியில் நின்றுவிடும். ஐஎஸ்ஓவுக்குள் சிஸ்டம் முழுவதும் ஸ்குவாஷ்எப்எஸ் என்னும் ஒரே சுருக்கப்பட்ட பைலாக இருக்கிறது. பிரித்தால் அது பல மடங்கு பெரிதாகும். திரும்பச் சுருக்கும்போது புதிய பைலுக்கும் இடம் வேண்டும். 20 அல்லது 25 ஜிபி காலியாக இருக்கட்டும். அந்த இடம் லினக்ஸின் இஎக்ஸ்டி4 பார்ட்டிஷனில் இருக்க வேண்டும். விண்டோஸ் டிரைவிலோ வேறொரு பென்டிரைவிலோ புராஜெக்ட் போல்டரை வைத்தால், எந்த பைல் யாருக்குச் சொந்தம், யார் திறக்கலாம் என்ற லினக்ஸ் விவரங்கள் சரியாகப் பதியாது. சிஸ்டம் உருவானாலும் உருப்படியாக இருக்காது.

அடுத்தது, டெர்மினலில் “அனேபிள் டு லொகேட் பேக்கேஜ்” என்ற செய்தி. இதைப் பார்த்து பயப்பட வேண்டாம். பேக்கேஜின் பெயரில் எழுத்துப் பிழை இருக்கும், அல்லது இன்ஸ்டால் செய்வதற்கு முன் ஏபிடி அப்டேட் கட்டளையைக் கொடுத்திருக்க மாட்டீர்கள். தமிழ் டைப் செய்ய ஐபஸ் பேக்கேஜும், ஐபஸ் எம்17என் என்பதும் வேண்டும். 1999ல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 கீபோர்டும், பழைய டைப்ரைட்டர் முறையும், ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழில் வரும் முறையும் இதற்குள்ளேயே இருக்கின்றன.

அப்டேட் வேறு, அப்கிரேட் வேறு என்பதைக் கவனியுங்கள். கையோடு எல்லாவற்றையும் அப்கிரேட் செய்துவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் கெர்னல் என்னும் மையப் பகுதியும் புதிதாக வந்து சேரலாம். பூட் ஆகும்போது முதலில் ஏறும் கெர்னலும், ஸ்குவாஷ்எப்எஸ் பைலுக்குள் இருக்கும் டிரைவர்களும் ஒரே பதிப்பாக இருந்தாக வேண்டும். இல்லையென்றால் பாதியில் நிற்கும், அல்லது டெஸ்க்டாப் வந்தும் வைபை இருக்காது, சவுண்ட் இருக்காது. கியூபிக்கில் எந்தக் கெர்னல் வேண்டும் என்று கேட்கும் பக்கம் இதற்காகத்தான் இருக்கிறது. அதைப் படிக்காமல் நெக்ஸ்ட் அழுத்துபவர்கள்தான் அதிகம். முதல் முயற்சியில் கெர்னலைத் தொடாமல் விடுவதே என் ஆலோசனை.

வால்பேப்பர், பிரவுசர் செட்டிங் எல்லாம் அழகாக அமைத்தேன், பூட் செய்தால் ஒன்றையும் காணோம் என்பது இன்னொரு புகார். கியூபிக் டெர்மினலில் நீங்கள் ரூட், அதாவது நிர்வாகி. பென்டிரைவில் பூட் ஆகும்போது வருபவர் வேறொரு யூசர். அவருடைய ஹோம் போல்டர் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகிறது. அப்படி உருவாகும்போது இடிசி போல்டருக்குள் உள்ள ஸ்கெல் என்ற போல்டரில் இருப்பவை அதில் காப்பி ஆகும். ஆகவே உங்கள் செட்டிங் பைல்களை ஸ்கெல்லில் போட்டு வையுங்கள். வேலை முடிந்தது.

ஐஎஸ்ஓவை உருவாக்கும் முன் சுருக்கும் முறை கேட்கும். எக்ஸ்இசட் முறையில் ஐஎஸ்ஓ சிறியதாகும், ஆனால் தயாராக நேரம் பிடிக்கும். பழைய மெஷினில் திறக்கும்போதும் மெதுவாகவே திறக்கும். சோதனை செய்யும்போது ஜிசிப் போதும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஸ்குவாஷ்எப்எஸ் பைல் 4 ஜிபியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பென்டிரைவ்களில் வழக்கமாக இருக்கும் எப்ஏடி32 முறை அதைவிடப் பெரிய பைலை ஏற்காது.

ஐஎஸ்ஓ வந்துவிட்டது. அதைப் பென்டிரைவுக்குள் காப்பி பேஸ்ட் செய்தால் பூட் ஆகாது. ஒரு சினிமா பைல் போல அது உள்ளே கிடக்கும், அவ்வளவுதான். ரூபஸ் அல்லது எட்சர் போன்ற சாப்ட்வேர் மூலம் “எழுத” வேண்டும். எழுதும்போது பென்டிரைவில் இருந்தவை எல்லாம் அழியும். எந்த டிரைவ் என்று கேட்கும் இடத்தில் அளவைப் பார்த்து உறுதி செய்யுங்கள். 16 ஜிபி பென்டிரைவுக்குப் பதில் 1 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தால் குடும்பத்தின் மொத்தப் போட்டோவும் போய்விடும். மற்ற எல்லா டிரைவ்களையும் கழற்றி வைத்துவிட்டு எழுதுவதே பாதுகாப்பு. எழுதி முடித்த பென்டிரைவை விண்டோஸில் செருகினால் சில சமயம் “பார்மட் செய்யவா?” என்று கேட்கும். கேன்சல் செய்துவிடுங்கள். கெட்டுப்போய் அப்படிக் கேட்கவில்லை. அதிலுள்ள அமைப்பு விண்டோஸுக்குப் புரியவில்லை.

“லைவ் பைல் சிஸ்டம் உள்ள மீடியம் கிடைக்கவில்லை” என்ற பொருளில் ஆங்கிலச் செய்தி வந்து கறுப்புத் திரையில் நின்றால், பெரும்பாலும் குற்றம் எழுதியதில் இருக்கும். ஐஎஸ்ஓவின் எஸ்எச்ஏ256 எண்ணைச் சரிபாருங்கள். விண்டோஸில் செர்ட்யூட்டில் என்ற கட்டளை இதற்கு இருக்கிறது. எண் சரி என்றால் வேறு யுஎஸ்பி போர்ட்டில் செருகுங்கள். அப்போதும் வரவில்லையா? பென்டிரைவை மாற்றுங்கள். மலிவு பென்டிரைவோடு மல்லுக்கட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்க வேண்டாம்.

“பேட் ஷிம் சிக்னேச்சர்” என்று வந்தால் விஷயம் வேறு. புதிய கம்ப்யூட்டர்களில் உள்ள செக்யூர் பூட், அங்கீகரிக்கப்பட்ட கையொப்பம் இல்லாத கெர்னலை உள்ளே விடாது. மின்ட் தரும் கெர்னலுக்கு அந்தக் கையொப்பம் உண்டு, வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்த்ததற்கு இருக்காது. செக்யூர் பூட்டை அணைத்துவிடுங்கள் என்று சர்வ சாதாரணமாகச் சொல்வார்கள். உடனே செய்துவிடாதீர்கள். புதிய விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்கள் பலவற்றில் டிஸ்க் பூட்டப்பட்டே வருகிறது. அந்தப் பூட்டின் பெயர் பிட்லாக்கர். செக்யூர் பூட் செட்டிங்கை மாற்றினால் அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க ரிகவரி எண்ணைக் கேட்கலாம். அந்த எண் கையில் இல்லையென்றால் உங்கள் டிஸ்க்கை நீங்களே திறக்க முடியாது. உங்கள் மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்டில் அது இருக்கும். முதலில் தாளில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு பயாஸ் பக்கம் போங்கள்.

எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை ஒருவரின் லேப்டாப் ஒரு நாள் விண்டோஸுக்குள் போக மறுத்தது. பள்ளி ஆண்டு மலர்கள், காலமான கணவரின் போட்டோக்கள் எல்லாம் அதில்தான். கடையில் “பார்மட் செய்தால்தான் சரியாகும்” என்று சொல்லிவிட்டார்களாம். “தம்பி, போட்டோ மட்டும் போதும்ப்பா, மெஷின் போனாலும் பரவாயில்லை” என்றார். நான் தயாரித்து வைத்திருந்த பென்டிரைவில் பூட் செய்தேன். டிஸ்க்கைத் திறக்கப் போனால் மறுத்துவிட்டது. விண்டோஸ் முழுமையாக ஷட்டவுன் ஆகாமல் நின்றிருந்ததால் வந்த தடை அது. பாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன் ஆக இருக்கும் கம்ப்யூட்டர்களில் இது சகஜம். கட்டாயப்படுத்தித் திறக்காமல், படிக்க மட்டும் என்ற முறையில் மவுண்ட் செய்தேன். காப்பி எடுக்கப் படிக்க முடிந்தால் போதுமே. “அம்மா, எல்லாம் இருக்கிறது, இதோ உங்கள் போல்டர்” என்று காட்டிய பிறகுதான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். காப்பி முடிய ஒன்றரை மணி நேரம் ஆனது.

அவருடைய டிஸ்க் நல்ல நிலையில் இருந்தது. டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் போல்டர் போல்டராகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. ஜிடிடிரெஸ்க்யூ என்ற பேக்கேஜை பென்டிரைவில் சேர்த்து வைத்திருந்தால், முதலில் டிஸ்க் முழுவதையும் வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுத்துவிடலாம். தேடுவதை அந்த நகலில் வைத்துக்கொள்ளுங்கள். அழித்துவிட்ட போட்டோக்களைத் தேடித் தரும் போட்டோரெக், டெஸ்ட்டிஸ்க் என்ற பேக்கேஜுடன் சேர்ந்தே வரும்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் பென்டிரைவில் எழுதிப் பார்க்க வேண்டியதில்லை. கியூபிக்கின் கடைசிப் பக்கத்திலேயே ஐஎஸ்ஓவை ஒரு ஜன்னலுக்குள் ஓட்டிப் பார்க்கும் டெஸ்ட் பட்டன் உண்டு. தமிழ் எழுத்து, செட்டிங்குகள் ஆகியவற்றை அதில் சோதிக்கலாம். வைபையையும் செக்யூர் பூட்டையும் நிஜக் கம்ப்யூட்டரில்தான் பார்க்க முடியும். புராஜெக்ட் போல்டரை அழித்துவிடாதீர்கள். ஆறு மாதம் கழித்து அதையே திறந்து, வேண்டிய பேக்கேஜ்களை மட்டும் புதுப்பித்து, அடுத்த ஐஎஸ்ஓவைச் சீக்கிரமே எடுத்துவிடலாம்.