துவக்குச் சட்டமும் கொலைத் தொகையும்

சென்ற ஆண்டு எமது கல்லூரித் தமிழ் மன்றத்தில் உயர்தர வகுப்பு மாணவர் ஒரு சொற்போர் நிகழ்த்தினர். "துவக்கைக் கட்டுப்படுத்துஞ் சட்டத்தாற் கொலை குறையும்" என்பது பொருள். நடுவராக யாம் அமர்ந்திருந்தோம். எதிரணித் தலைவன் எழுந்து, "கொல்வது கருவியன்று, கையே! நம் மலைநாட்டிலே துவக்கில்லாமலே கொலை நடந்ததில்லையா?" என்று வினவினான். மண்டபம் கைதட்டிற்று. யாமும் அவ்வணிக்கே வெற்றி கூறினோம். வீடு திரும்பிய பின்னர் அத்தீர்ப்பு எம் மனத்தை உறுத்தலாயிற்று. அதன் விளைவே இக்கட்டுரை.

அம்மாணவன் காட்டிய சான்று, 1941 மே மாதம் ஸ்டெலன்பேர்க் தோட்டத்தில் நிகழ்ந்த கொலை. அத்தோட்டத்துத் துரையாகிய போப் என்பார் இரவிலே வழிமறித்து அடித்துக் கொல்லப்பட்டார். அதன்பொருட்டுத் தொழிலாளர் இருவர் 1942 இல் தூக்கிலிடப்பட்டனர். அதற்குப் பதினாறு மாதம் முன்னர், 1940 சனவரியில், முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதிற் கோவிந்தன் என்னுந் தொழிலாளி உயிர் துறந்தார்.

1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கத் துவக்குக் கட்டளைச் சட்டம் அப்போது நடைமுறையிலிருந்தது. திருத்தங்களோடு இன்றும் இருக்கின்றது. அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருத்தல் அதன்படி குற்றமாகும். லயத்தில் வாழ்ந்தோருள் அப்பத்திரம் பெற்றார் அரியர். கடமையிலுள்ள பொலிசாரின் ஆயுதமோ அப்பத்திரத்துக்கு உட்பட்டதன்று. ஆகவே ஸ்டெலன்பேர்க்கில் துவக்கே இல்லை; முல்லோயாவில் வெடித்தது அரசாங்கத் துவக்கு. இவ்விரு மரணங்களையும் அளவுகோலாகக் கொண்டு அச்சட்டத்தை அளத்தல் பொருந்தாது. மேடையிலே எமக்கு இது தோன்றாமற் போயிற்று.

யாம் சிறுவராயிருந்த காலத்தில், எமது லயத்திலே ஒரு சம்பளத் தினத்திரவு நிகழ்ந்ததை இங்குக் கூறுதல் தகும். அண்ணன் தம்பி இருவர் குடித்துவிட்டு, வாழைமரத்தின் எல்லை பற்றி வாய்ச்சண்டையிட்டனர். தம்பி கவ்வாத்துக் கத்தியை எடுத்து வீசினான். வெட்டு அண்ணனின் தோளிற் பட்டது. கம்பளியிற் சுற்றித் தோட்டத்து லொறியிலே கொண்டுசென்றனர், உயிர் பிழைத்தார். அடுத்த ஆண்டு இருவரும் ஒரே மலையில் அடுத்தடுத்த நிரையிற் கவ்வாத்து வெட்டியதை யாம் கண்டோம். அன்றிரவு அத்தம்பியின் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது துவக்காயின், அண்ணன் மண்ணுக்கும் தம்பி போகம்பறைச் சிறைக்கும் போயிருப்பர்.

இஃது எமது ஊகம் மாத்திரமன்று. அமெரிக்கச் சட்ட அறிஞர் பிராங்கிளின் சிம்ரிங் என்பார் சிக்காகோ நகரத்துப் பொலிசுப் பதிவுகளை ஆராய்ந்து 1968 இல் ஒரு முடிவை வெளியிட்டார். துவக்காலே தாக்குண்டோர், கத்தியாலே தாக்குண்டோரினும் ஏறத்தாழ ஐந்து மடங்கு மிகுதியாக இறந்தனர் என்பது அது. அக்கொலைகளுட் பல, கொன்றே தீர்வதென்று திட்டமிட்டுச் செய்தவையல்ல. சச்சரவின் கொதிப்பிலே நேர்ந்தவை. சினம் ஒன்றே, கருவி வேறாக, முடிவும் வேறாகின்றது.

இதனைப் போன்றதொரு சான்று நம் நாட்டிலேயே உண்டு. 1995 அளவில் இலங்கையில் இலட்சம் பேருக்கு 47 பேர் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். அக்காலந் தொட்டு அரசாங்கம் மிகக் கொடிய பூச்சிகொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தது. 2005 அளவில் அத்தொகை ஏறத்தாழப் பாதியாயிற்று. நஞ்சுண்டு ஆசுபத்திரிக்கு வந்தோர் தொகை குறையவில்லை, வந்தவர் பிழைத்தனர். வீட்டு மூலையிலிருந்த போத்தலிற் கடுமை குறைந்தது, அவ்வளவே.

ஆயினும் சட்டத்தின் ஆற்றலை மிகைப்படுத்தலும் ஆகாது. அவுஸ்திரேலியாவில் 1996 இல் போட் ஆதர் என்னுமிடத்தில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபின், அரசாங்கம் ஏறத்தாழ ஆறரை இலட்சம் துவக்குகளை விலைகொடுத்து வாங்கி அழித்தது. துவக்கால் நிகழ்ந்த கொலையும் தற்கொலையும் குறைந்தன. கொலை முன்னரே குறைந்துகொண்டிருந்ததாதலின், சட்டத்தின் பங்கு எவ்வளவு என்பதில் அறிஞர் இன்றும் மாறுபடுவர். நம் பிரதமர் பண்டாரநாயக்கா 1959 இல் சுடப்பட்டபோது, நமது சட்டத்துக்கு வயது நாற்பத்து மூன்று. 2009 இற் போர் முடிந்தபின்னும் பதிவேட்டில் ஏறாத துவக்குகள் பாதாளக் கூட்டத்தாரிடம் உலவுகின்றன. அவற்றை வைத்திருப்போர் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க வரிசையில் நிற்பதில்லை.

தோட்டத்திலோ கள்ளத் துவக்கினும் கள்ளச்சாராயமே பெரிது. துவக்கு அருகியுள்ள இடத்திலே துவக்குச் சட்டத்தை இறுக்குவதாற் கொலை மேலும் பெரிதுங் குறையப்போவதில்லை. அது பெருகாதிருப்பதே அங்குச் சட்டத்தின் பயன். நடவாத கொலைக்குக் கணக்கெழுத ஒருவரும் இலர். அதனாலேயே எதிரணியாரின் வாதம் எளிதாயிற்று. நீதிமன்றத்திலும் ஆசுபத்திரியிலும் பணிபுரியும் பழைய மாணவர் இதனை எம்மினும் நன்கறிவர்.

அன்று எதிரணிக்கு யாம் கூட்டி வழங்கிய இரண்டு புள்ளிகளை இனி மீட்க வழியில்லை. பரிசுப் புத்தகமும் கொடுத்தாயிற்று. தோற்ற அணியின் தலைவன் இவ்வாண்டு பழைய மாணவர் சங்கத்திற் சேர்ந்துள்ளான் என அறிகின்றோம். இம்மலர் அவன் கைக்கும் சேரும்.