பிரித்தானியக் காலை உணவும் உப்பின் கணக்கும்

இங்கிலாந்திலோ அயர்லாந்திலோ வாழும் பிள்ளைகளுடன் சில மாதங்கள் தங்கிவரச் செல்லும் பெற்றோர், புறப்படுமுன் மருந்துகளைக் குறித்து விரிவாகக் கேட்டறிகின்றனர். அங்கு உண்ணப்போகும் உணவைக் குறித்துக் கேட்போர் சிலரே. உயர் இரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் உடையோர்க்கு அதுவும் மருந்துக்கு நிகராகக் கவனிக்கத் தக்கது.

அந்நாட்டு விடுதிகளின் காலை உணவுத் தட்டில் முட்டை, பேக்கன் என்னும் உப்பிட்ட பன்றி இறைச்சி, சாசேஜ், தக்காளி, காளான், ரொட்டி ஆகியவை பொதுவாக இடம்பெறும். எஞ்சியவை ஊருக்கு ஊர் வேறுபடும்.

வட அயர்லாந்தின் தட்டில் சோடா ரொட்டியும் உருளைக்கிழங்கு ரொட்டியும் கொழுப்பில் பொரித்து வைக்கப்படும். அயர்லாந்தின் மென்கோதுமை மாவு ஈஸ்ட்டால் நன்கு பொங்குவதில்லை. ஆகவே மோரின் புளிப்பையும் சமையல் சோடாவையும் கொண்டு மாவைப் பொங்கச் செய்யும் முறை 19ஆம் நூற்றாண்டில் அங்கு வேரூன்றியது. அயர்லாந்துக் குடியரசில் பிளாக் புட்டிங், ஒயிட் புட்டிங் இரண்டும் உண்டு. பெயரைக் கேட்டு இனிப்பு என்று எண்ணிவிட வேண்டா. முன்னது பெரும்பாலும் பன்றியின் இரத்தமும் கொழுப்பும் தானியமும் சேர்ந்தது; பின்னதில் இரத்தம் இல்லை, பன்றி இறைச்சி உண்டு.

ஸ்காட்லாந்தில் சதுர வடிவ லோர்ன் சாசேஜும், ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரலை ஓட்ஸுடன் சமைக்கும் ஹேகிஸும் சேரும். வேல்ஸின் லேவர்பிரெட், பெயரில் ரொட்டியாயினும், மணிக்கணக்கில் வேகவைத்துக் குழைத்த கடற்பாசியே. இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரில் ஓட்ஸ் மாவைக் கரைத்துத் தோசைபோல் வார்த்த ஓட்கேக் கிடைக்கும்.

பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பேக்கன், சாசேஜ், புட்டிங் ஒவ்வொன்றிலும் உப்பு மிகுதி. சோடா ரொட்டியில் நாக்கு அறியாத சோடியமும் உண்டு. ஏனெனில் சமையல் சோடாவும் சோடியம் உப்பே. சிறுநீரக நோயினால் பொட்டாசியத்தைக் குறைக்குமாறு அறிவுறுத்தப்பட்டோர் உருளைக்கிழங்கு, தக்காளி, காளான் ஆகியவற்றின் அளவைக் கவனிக்க வேண்டும். கடற்பாசியில் அயோடின் உண்டு. தைராய்டு நோயாளிகள் அதை அடிக்கடி உண்ணுமுன் மருத்துவரைக் கேட்பது நன்று.

அஞ்சி ஒதுங்க வேண்டியதில்லை. தேர்ந்து உண்டால் போதும். முட்டையை நீரில் வேகவைத்துத் தருமாறும், காளானையும் தக்காளியையும் எண்ணெயின்றி வாட்டித் தருமாறும் கேளுங்கள். பதப்படுத்திய இறைச்சியைச் சுவை பார்க்கும் அளவோடு நிறுத்துங்கள்.

இதயச் செயலிழப்பு உடையோர் அங்கும் நாள்தோறும் காலையில் எடை பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். மூன்று நாள்களுக்குள் 2 கிலோவுக்கு மேல் கூடினாலோ, கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ காலந்தாழ்த்தாது மருத்துவரை அணுகுங்கள்.