டயரும் சிக்கனமும்

வண்டியின் சிறப்பெல்லாம் சக்கரத்தில் அடங்கும். சக்கரத்தின் சிறப்போ அது நிலத்தைத் தொடும் இடத்தில் அடங்கும். பார வண்டிச் சக்கரத்திற்கு இரும்புப் பட்டை பூட்டிய நம் நாட்டுக் கொல்லர் இதனை நன்கறிந்திருந்தனர். மோட்டார் வண்டியேறி விரைந்து செல்லும் நாமோ அதனைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம்.

நம் கல்லூரியின் பழைய மாணவரொருவர் இங்கிலாந்தில் உத்தியோகம் பார்த்து வருகின்றார். அவர் சென்ற ஆண்டு பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். "டயர்களின் வரிப்பள்ளம் இன்னும் ஆழமாகவே இருக்கின்றது, ஆயினும் மாற்ற வேண்டுமென்று சொல்லுகின்றனர். கைப்பணமெல்லாம் வண்டியிலேயே கரைந்துபோயிற்று. குறைந்த செலவில் எதனை வாங்கலாம்?" என்று அவர் நமக்கு எழுதிக் கேட்டார். அவர்க்கு விடுத்த மறுமொழியையே சற்று விரித்து ஈண்டு வரைகின்றோம். மோட்டார் இல்லாதார்க்கும் இதனாற் பயனுண்டு. என்னை? சிக்கனம் எது, உலோபம் எது என்னும் வினா எல்லார்க்கும் பொதுவன்றோ?

அவர் வாங்கியது மாஸ்டா எம்.எக்ஸ்-5 என்னும் ஜப்பானிய வண்டியின் முதல் தலைமுறையைச் சேர்ந்தது. 1989-ஆம் ஆண்டு சிக்காகோ நகர மோட்டார்க் காட்சியில் முதன்முதல் உலகிற்குக் காட்டப்பெற்ற வண்டி அது. இருவர் அமரத்தக்கது, மேற்கூரையை மடிக்கலாம், எஞ்சினின் ஆற்றல் பின்சக்கரங்களுக்குச் செல்லும். பழையனவாய் விலைக்குக் கிடைக்கும் ஸ்போர்ட்ஸ் கார்களுள் சாமானிய வருவாயுடையார்க்கு எட்டுவது இவ்வண்டியாதலின் இதனையே உதாரணமாகக் கொள்வோம்.

முதலில் ஒரு சிறு கணக்கு. ஓட்டுபவரோடு சேர்த்து இவ்வண்டியின் எடை 1,000 கிலோவெனக் கொண்டால், ஒரு சக்கரத்தின்மேல் 250 கிலோ நிற்கும். இவ்வண்டியின் டயருக்கு விதித்த காற்றழுத்தம் சதுர அங்குலத்திற்கு 26 பவுண்டு. அஃதாவது, சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1.8 கிலோ. 250-ஐ 1.8-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 140 வரும். ஆகவே ஒரு டயர் தரையைத் தொடுமிடம் 140 சதுர சென்டிமீட்டரளவினதே. நம் தபால் கார்டு ஒன்றின் பரப்பு 126 சதுர சென்டிமீட்டர். எனவே வண்டியும், அதனுள் இருக்கும் உயிரும், நான்கு தபால் கார்டுகளினும் சிறிதே பெரிய இடத்தைப் பற்றிக்கொண்டுதான் சாலையில் ஓடுகின்றன. எஞ்சின் எத்துணை வலிமையுடையதாயினும், பிரேக்கு எத்துணைக் கூரியதாயினும், அவையெல்லாம் அந்நான்கு சிறு இடங்களின் வாயிலாகவே தொழிற்பட வேண்டும்.

நிற்க. நண்பரது வினாவின் முற்பகுதியை எடுத்துக்கொள்வோம். வரிப்பள்ளம் ஆழமாக இருக்கும்போது டயரை மாற்றுவானேன்?

மழைநீர் டயரின் கீழிருந்து வெளியேறுவதற்கு வழியாகவே வரிப்பள்ளங்கள் அமைக்கப்பட்டன. அவை தேய்ந்தால் நீர் போக வழியின்றி டயரைத் தூக்கிவிடும். வண்டி சாலையை விட்டு நீரின்மேல் வழுக்கும். புதிய டயரின் பள்ளம் 8 மில்லிமீட்டரளவு இருக்கும். இங்கிலாந்தின் சட்டம், அகலத்தின் நடு முக்காற்பங்கில் 1.6 மில்லிமீட்டராயினும் இருத்தல் வேண்டும் என்கின்றது. 3 மில்லிமீட்டரிலேயே மாற்றுதல் நன்றென்பர் அனுபவசாலிகள்.

ஆயின் பள்ளம் ஒன்றே சான்றாகாது. ரப்பருக்கு வயதும் உண்டு. காற்றிலுள்ள பிராணவாயுவும் வெப்பமும் ஆண்டுதோறும் ரப்பரை இறுகச் செய்கின்றன. ஓசோன் என்னும் வாயு அதில் வெடிப்பை உண்டாக்குகின்றது. இதனைத் தடுத்தற்கு உற்பத்தியாளர் ரப்பரோடு ஒருவகை மெழுகைக் கலக்கின்றனர். டயர் உருண்டு நெகிழும்போதெல்லாம் அம்மெழுகு மேற்பரப்பிற்குக் கசிந்து காவலாக நிற்கும். ஓடாது கொட்டகையில் நிற்கும் வண்டிக்கு அக்காவல் குறைவு. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களோ பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை வெயிலில் மட்டும் வெளிவருவன. ஆதலின் அவற்றின் டயர்கள் தேய்ந்து மடிவதில்லை, மூத்து மடிகின்றன. கண்ணுக்குப் புதியனபோல் தோன்றுவதே அவற்றின் அபாயம்.

டயரின் வயதை அறிதல் எளிது. பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்னும் எழுத்துக்களையடுத்து வரும் குறியீட்டின் இறுதி நான்கு இலக்கங்களைப் பார்க்க வேண்டும். 1113 என்றிருந்தால் 2013-ஆம் ஆண்டின் 11-ஆம் வாரத்திற் செய்யப்பட்டதென்று பொருள். மூன்று இலக்கங்களே இருப்பின் அது 2000-ஆம் ஆண்டிற்கு முற்பட்டது. அதனை உடனே கழற்றி எறிதல் வேண்டும். ஆறாண்டு சென்ற டயரை ஐயத்தோடு நோக்குதலும், பத்தாண்டு சென்றதை எந்நிலையிலும் நீக்குதலும் நல்லோர் வழக்கம்.

இஃது ஏட்டுச் செய்தியன்று. 2013 நவம்பர் 30-ஆம் நாள் கலிபோர்னியாவில், போர்ஷே கரேரா ஜி.டி. என்னும் அதிவேக வண்டியில் நண்பரோடு சென்ற நடிகர் பால் வாக்கர் விபத்தில் உயிர்நீத்தார். வண்டியை ஓட்டிய அந்நண்பரும் மாண்டார். மிகை வேகமே காரணம் என்று விசாரணையதிகாரிகள் முடிவு செய்தனர். அதனோடு, வண்டியின் டயர்கள் ஒன்பதாண்டுப் பழமையுடையன என்பதையும் அவர்கள் குறித்தனர். செல்வர்தம் வண்டியிலும் இக்குறை மறைந்திருக்கக்கூடுமென்பதை நாம் மறத்தலாகாது.

இனி, வாங்குமாறு யாங்ஙனம்? முதலில் அளவு. இவ்வண்டியின் டயரில் 185/60 ஆர் 14 82 எச் என்று பொறித்திருக்கும். 185 என்பது மில்லிமீட்டரில் அகலம். 60 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு என்பதைக் காட்டும். ஆர் என்பது ரேடியல் அமைப்பு. 14 என்பது அங்குலத்தில் சக்கர வளையத்தின் விட்டம். 82 என்பது 475 கிலோ பாரம் தாங்கும் என்பதன் குறி. எச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும் என்பதன் குறி. பாரக் குறியிலும் வேகக் குறியிலும் விதித்த அளவிற்குத் தாழ்ந்ததை, எத்துணை மலிவாயினும், வாங்கற்க.

14 அங்குல அளவில் நல்ல ஸ்போர்ட்ஸ் டயர்கள் இந்நாளில் அருகிவிட்டன. ஆகவே பலர் 15 அங்குல வளையத்திற்கு மாறி 195/50 அளவினைப் பூட்டுகின்றனர். முந்தையதன் முழு விட்டம் 577.6 மில்லிமீட்டர், பிந்தையதன் விட்டம் 576. வேறுபாடு மிகச் சிறிதாதலின் வேகமானி பிழைபடாது. ஆனால் வளையங்களின் விலையையும் கூட்டிப் பார்த்தல் வேண்டும். வளையம் பழுதின்றி இருப்பார்க்கு 14 அங்குலமே சிக்கனம். அகலம் மிகுந்தால் பிடிப்பு மிகும் என்றெண்ணி மேன்மேலும் அகன்ற டயரைப் பூட்டுவார், இலகுவான வண்டியின் இனிய நடையையும் பணத்தையும் ஒருங்கே இழப்பர்.

அடுத்தது, பிறர் பயன்படுத்திய பழைய டயர்கள். இங்கிலாந்தில் இவற்றை விற்றல் சட்டத்திற்கு இசைந்ததே. 1994-ஆம் ஆண்டின் விதிப்படி பள்ளம் 2 மில்லிமீட்டராயினும் இருந்து, பயன்படுத்தியது என்ற முத்திரையும் இருத்தல் வேண்டும். புதியது 60 பவுன், பழையது 25 பவுன் என்று வைத்துக்கொள்வோம். புதியதில் 8 மில்லிமீட்டர் முதல் 3 வரை 5 மில்லிமீட்டர் நமக்குப் பயன்படும். மில்லிமீட்டருக்கு 12 பவுன். 4 மில்லிமீட்டர் எஞ்சிய பழையதிலோ ஒன்றே பயன்படும். அதற்கு 25 பவுன். பூட்டுகூலியும் மீண்டும் மீண்டும் கொடுக்க வேண்டும். முன்னவர் வண்டியில் அது பட்ட அடியையும் நாம் அறியோம். மலிவென்று வாங்கியதே விலையுயர்ந்ததாய் முடிகின்றது.

அற்றேல், புதியவற்றுள் எது? அமெரிக்க முறையில் தேய்வெண் ஒன்று பக்கச்சுவரிற் காணப்படும். எண் பெரிதாயின் நெடுநாள் உழைக்கும் என்று பொருள். அதனை உற்பத்தியாளரே குறிக்கின்றாராதலின் வெவ்வேறு கம்பெனிகளின் எண்களை ஒப்பிடுதல் முற்றும் பொருந்தாது. நண்பர் ஆண்டிற்கு 3,000 மைல் ஓட்டுகின்றார். 40,000 மைல் உழைக்கும் டயரை அவர் வாங்கினால் அது தேய்வதற்குப் பதின்மூன்று ஆண்டாகும். அதற்குள் ரப்பர் மூத்துவிடும். 20,000 மைல் உழைப்பது அவர்க்கு ஆறேழு ஆண்டிற்குப் போதும். பயன்படாத நீண்ட உழைப்பிற்கு அவர் ஏன் பணம் கொடுக்க வேண்டும்? அப்பணத்தை நனைந்த சாலையைப் பற்றும் திறனுக்குக் கொடுப்பதே அறிவு. ஐரோப்பாவில் விற்கும் புதிய டயர்களோடு வரும் சீட்டில் இத்திறன் எழுத்தாற் காட்டப்பட்டிருக்கும். ஏ என்பது தலையாயது. வகுப்புத் தாழத்தாழ, பிரேக்கு மிதித்த வண்டி சில மீட்டர் தள்ளியே நிற்கும். ஒரு குழந்தை குறுக்கே ஓடிவரும் நாளில் அச்சில மீட்டர்களே எல்லாமாகும்.

பந்தயக்களத்திற்கென்று செய்த டயர்களை நாடுதல் வேண்டா. அவை சூடேறினாலன்றிப் பற்றா, மழைக்கும் உதவா. குளிர்காலத்திலும் ஓட்டுவார் எல்லாப் பருவத்திற்கும் உரிய வகையைக் கொள்க. கோடைக்குரிய ரப்பர் கடுங்குளிரில் விறைத்துப்போகும். மற்றையோர்க்கு, பேர்பெற்ற கம்பெனிகளின் நடுத்தர விலையுள்ள டயர்களே போதும்.

நான்கினையும் ஒரே வகையாக ஒருங்கே மாற்றுதல் சிறப்பு. இரண்டிற்கே பொருளுண்டாயின் புதியவற்றைப் பின்னே பூட்டுக. முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேரே செல்லும். ஓட்டுபவர் வேகத்தைக் குறைத்து மீளலாம். பின்சக்கரம் வழுக்கினாலோ வண்டி சுழன்றுவிடும். அதனை மீட்கும் திறமை நம்மிற் பலர்க்கில்லை. பழைய டயர் ஒரு விளிம்பில் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரங்களின் நேர்மையைச் சரிபார்த்த பின்னரே புதியதைப் பூட்டுதல் வேண்டும். அன்றேல் புதியதும் அவ்வாறே அழியும்.

இம்மறுமொழி கண்ட நண்பர் கொட்டகைக்குச் சென்று தம் டயர்களைப் பார்த்தார். நாம் மேலே உதாரணமாகக் கூறிய 1113 என்பது அவற்றிற் பொறித்திருந்த எண்ணே. அழகிய புதிய வளையங்களுக்கென்று சேர்த்துவைத்த பணத்தைக் கொண்டு, பழைய வளையங்களிலேயே நடுத்தர விலையுள்ள நான்கு டயர்களைப் பூட்டிக்கொண்டார். வண்டி முன்னிலும் அழகுடையதாயிற்றென்று அவர் எழுதவில்லை. மழையில் அச்சமின்றி வீடு வந்து சேர்ந்ததாக எழுதினார்.

யானையை வாங்கிவிட்டு அங்குசத்திற்கு வழக்காடுதல் உலோபம். வேண்டாத அகலத்தையும் அணியையும் உழைப்பையும் விலக்கி, வேண்டிய பிடிப்பிற்கும் இளமைக்கும் கொடுத்தல் சிக்கனம். இவ்விரண்டின் வேறுபாட்டை அறிந்தார் சாலையில் மட்டுமன்றி வாழ்க்கையிலும் வழுக்கார்.