அம்மா சொல்லுச்சு!

"ஐயோ அம்மா, இதை அப்படியே பத்திரிகைக்கு அனுப்பிடாதே. மானம் போயிடும்!"

அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்த என் மகள் நோட்டை நீட்டினாள். பக்கமெல்லாம் சிவப்பு மை. நான் 'அம்மா சொல்லுச்சு' என்று எழுதிய இடமெல்லாம் 'அம்மா கூறினார்கள்' ஆகியிருந்தது. அம்மா உயர்திணையாம், 'சொல்லுச்சு' அஃறிணையாம். பெற்றவளை ஆடு மாடு மாதிரி எழுதலாமா என்று கோபம் வேறு!

எங்கள் மணப்பட்டுப் பக்கம் அம்மாவானாலும் அக்காவானாலும் 'வந்துச்சு, சொல்லுச்சு'தான். மரியாதைக் குறைவில்லை, ஒட்டுதல். 'வந்தார்கள்' என்று நீட்டி முழக்கினால் சம்பந்தி வீட்டார் வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்!

அந்தக் கதை என் அம்மாவைப் பற்றியது. சர்க்கரை வியாதியில் படுத்த கடைசி மாதங்களை எழுதியிருந்தேன். அம்மாவின் குரலை யாரும் டேப்பில் பிடித்து வைக்கவில்லை. மிச்சம் இருப்பது இந்த நோட்டு ஒன்றுதான்.

இரவு வேலையெல்லாம் முடிந்தபின், திருத்திய கதையை வாய்விட்டுப் படித்தேன். 'எனக்குக் கஞ்சி போதும், நீ அருந்து என்று அம்மா கூறினார்கள்.' இலக்கணம் சுத்தம். ஆனால் அம்மாவைக் காணோம். கஞ்சி போட்ட புடவை கட்டிய வேறு யாரோ ஒரு அம்மாள் அங்கே உட்கார்ந்திருந்தார். என் அம்மா சொன்னது இதுதான்: "போதும்டி கஞ்சி. நீ குடி, நீ. காலையிலேர்ந்து நிக்கறியே." முன்னே வர வேண்டியது பின்னே வருகிறது, 'நீ' இரண்டு தரம் வருகிறது. அந்த இரண்டாவது 'நீ'யில்தானே அம்மா இருக்கிறது!

நோட்டை மூடி வைத்துவிட்டேன்.

சில வாரம் கழித்துப் பரீட்சை வந்தது. மகள் உரக்கப் படிக்கிறாள்: "வழுவமைதி!" என் காது நிமிர்ந்தது. இலக்கணப்படி பிழைதான், ஆனாலும் காரணம் இருப்பதால் ஏற்றுக்கொள்வது என்று அர்த்தமாம். பசுவைப் பார்த்து 'என் அம்மா வந்துட்டா' என்றால் திணை வழுவமைதி. பெண் குழந்தையை 'வாடா கண்ணா' என்றால் பால் வழுவமைதி. அடுப்படியில் நின்றபடியே 'இதோ வந்துட்டேன்' என்கிறோமே, அது கால வழுவமைதி. தினம் நாம் பேசுவதெல்லாம் சட்டப்படி செல்லும், சகோதரிகளே! மகிழ்ச்சி, சிறப்பு, கோபம் போன்ற காரணங்களால் திணையும் பாலும் மாறலாம் என்று 13-ம் நூற்றாண்டிலேயே நன்னூலில் பவணந்தி முனிவர் இடம் கொடுத்திருக்கிறார். குயில் கூவும் என்பதுதான் மரபு. பாரதியார் கத்தும் என்று பாடினார். அதையும் மரபு வழுவமைதி என்று ஏற்றுக்கொண்டார்கள்.

நம் புதுச்சேரியிலேயே இதற்கு முன்னோடிகள் உண்டு. துய்ப்ளேக்சின் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். பேச்சுத் தமிழும் பிறமொழிச் சொற்களும் கலந்து, வாக்கியங்கள் நீண்டுகொண்டே போகும். அவர் அதைப் பண்டிதத் தமிழில் எழுதியிருந்தால், அந்தக் காலத்துப் பேச்சு இன்று நம் காதில் விழுமா?

இடைசெவல் கிராமத்திலிருந்து வந்த கி. ராஜநாராயணன், 1989-ல் புதுவைப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியரானார். 2021-ல் மறையும்வரை புதுச்சேரிதான் அவருக்கு வீடு. பாத்திரங்கள் பேசுவதை மட்டுமல்ல, கதை சொல்வதையே கரிசல் காட்டுப் பேச்சில் எழுதியவர். அந்த வட்டாரச் சொற்களுக்கு அகராதியும் தொகுத்தார். 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு 1991-ல் சாகித்ய அகாதெமி பரிசு கிடைத்தது.

அதற்காகக் கண்டபடி எழுதலாமா? கூடாது. நான் பட்டுத் தெரிந்துகொண்டவை இவை:

ஒன்று, எழுதியதை உரக்கப் படியுங்கள். நாக்கு தடுக்கினால் அது பேச்சில்லை, வெறும் பிழை.

இரண்டு, ஏன் மாற்றினோம் என்று உங்களுக்கே காரணம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இலக்கணப்படியே எழுதிவிடுங்கள்.

மூன்று, வெளியூர்க்காரருக்குப் புரியாத சொல் வந்தால், பக்கத்து வாக்கியத்திலேயே அதன் பொருள் விளங்கட்டும்.

நான்கு, மாத்திரை அளவும் சமையல் குறிப்பும் எழுதும்போது இந்த விளையாட்டே வேண்டாம்!

பரீட்சை முடிந்ததும் மகளே நோட்டைக் கேட்டு வாங்கினாள். கதையை நல்ல தாளில் மறுபடி எழுதிக் கொடுத்தாள். எல்லா இடத்திலும் 'அம்மா சொல்லுச்சு' திரும்பி வந்திருந்தது. கஞ்சி குடிக்கும் இடத்தில் மட்டும் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி சேர்த்திருந்தாள்:

"ஆயா இப்படித்தான் பேசும்."

அதுவும் பேச்சுத் தமிழ்தான். நான் திருத்தவில்லை.